அமெரிக்காவில் சிகிச்சை... சென்னையில் பில்! பிசியோதெரபி கிளினிக்குகள் பில்லிங் ஏஜென்சியை எப்படித் தேர்வு செய்கின்றன? சிக்கல் எங்கே? முழு விவரம்

சென்னையில் மாலை ஆறரை மணி. ஓஎம்ஆரில் வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் ஒரு பக்கம். அதே நேரத்தில் கேபில் இருந்து இறங்கி ஆபீசுக்குள் நுழையும் கூட்டம் இன்னொரு பக்கம். குளிர்காலத்தில் அப்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை எட்டு மணி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காரும் இளைஞர்கள் அடுத்த எட்டு மணி நேரம் பேசப்போவது அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம். கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "இந்த நோயாளியோட கிளெய்முக்கு ஏன் இன்னும் பணம் வரலை?"

இதைத்தான் 'மெடிக்கல் பில்லிங்' என்கிறோம். தமிழ்நாட்டில் பல வீடுகளில் அண்ணனோ, அக்காவோ, பக்கத்து வீட்டுப் பையனோ இந்த வேலையில் இருப்பார்கள். ஆனால் போனின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறிய பிசியோதெரபி கிளினிக், தன் வருமானம் மொத்தத்தையும் வேறொரு நிறுவனத்தை நம்பி ஏன் ஒப்படைக்கிறது? யாரை நம்புவது என்று எப்படி முடிவு செய்கிறது? தப்பு நடந்தால் மாட்டுவது யார்?

விரிவாகப் பார்க்கலாம்.

பில் போடுவது அவ்வளவு கஷ்டமா?

நம்ம ஊரில் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனால் பெரும்பாலும் கையில் காசு, அல்லது ஜிபே. அதோடு கணக்கு முடிந்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. நோயாளி ஒரு பகுதியைத்தான் கொடுப்பார். மிச்சப் பணம் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் இருந்தோ, 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுத் திட்டமான மெடிகேரிடம் இருந்தோ வர வேண்டும்.

அந்தப் பணம் வருவதற்குள் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. முதலில் நோயாளியின் இன்சூரன்ஸ் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும். சில திட்டங்களுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் என்ன நோய் என்பதற்கு ஐசிடி-10 குறியீடு, என்ன சிகிச்சை என்பதற்கு சிபிடி குறியீடு போட வேண்டும். பிறகு 'கிளியரிங் ஹவுஸ்' எனப்படும் இடைத்தரகு நிறுவனம் வழியாக கிளெய்ம் போகும். இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுக்கலாம், குறைத்துக் கொடுக்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணம் கேட்டு, திருத்தி, மேல்முறையீடு செய்ய வேண்டும். இதில் எங்கே ஒரு எழுத்து தப்பினாலும் பணம் நின்றுவிடும்.

காலக்கெடுவும் உண்டு. மெடிகேரைப் பொறுத்தவரை சிகிச்சை நடந்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் கிளெய்ம் போக வேண்டும். தனியார் நிறுவனங்களில் 90 நாள், 180 நாள் என்றெல்லாம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். கெடு தாண்டினால் அந்தப் பணம் போனது போனதுதான். பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி அதை நோயாளியிடம் கேட்டு வாங்கவும் முடியாது.

பிசியோதெரபி பில்லிங் ஏன் தனி ரகம்?

டாக்டர் கிளினிக்குக்கு நன்றாக பில் போடும் ஏஜென்சி பிசியோதெரபிக்கும் நன்றாகப் போடும் என்று சொல்ல முடியாது. காரணம், இங்கே கணக்கே நிமிடத்தில்தான்.

பிசியோதெரபியின் பல சிகிச்சைகளுக்கு 15 நிமிடம் ஒரு 'யூனிட்'. மெடிகேரில் இதற்கு '8 நிமிட விதி' இருக்கிறது. 8 முதல் 22 நிமிடம் வரை என்றால் ஒரு யூனிட். 23 முதல் 37 வரை இரண்டு. 38 முதல் 52 வரை மூன்று.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு நோயாளிக்கு 33 நிமிடம் உடற்பயிற்சி சிகிச்சை (குறியீடு 97110), 7 நிமிடம் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை (குறியீடு 97140) கொடுக்கப்படுகிறது. மொத்தம் 40 நிமிடம். மெடிகேர் கணக்கில் மூன்று யூனிட்: பயிற்சிக்கு இரண்டு, கை சிகிச்சைக்கு ஒன்று. ஆனால் சில தனியார் நிறுவனங்கள் ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியாகத்தான் எண்ணும். அங்கே 7 நிமிடம் 8-ஐத் தொடாததால் கை சிகிச்சைக்கு ஒன்றுமே கிடையாது. மொத்தம் இரண்டு யூனிட்தான்.

அதே நோயாளி, அதே சிகிச்சை, அதே 40 நிமிடம். பில் மட்டும் வேறு. இது தெரியாத ஏஜென்சி ஒன்று கிளினிக்குக்கு நஷ்டம் கொண்டுவரும், இல்லை என்றால் அதிகமாக பில் போட்டு வழக்கைக் கொண்டுவரும்.

இன்னும் சில விதிகள்:

- மெடிகேரில் ஒரு நோயாளிக்கான பிசியோதெரபி, பேச்சு சிகிச்சை இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குக் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால், சிகிச்சை இன்னும் தேவை என்று உறுதி சொல்லும் 'கேஎக்ஸ்' குறியீடு போட வேண்டும். 2025-ல் அந்த வரம்பு 2,410 டாலர். 2026-க்கு 2,480 டாலர். போடாவிட்டால் கிளெய்ம் மறுக்கப்படும்.
- சிகிச்சையை பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பதில் உதவியாளர் கொடுத்தால் 'சிக்யூ' குறியீடு. 2022 முதல் அதற்கு 85 சதவீதப் பணம்தான்.
- ஒரே நாளில் பல சிகிச்சைகள் கொடுத்தால் முதலாவதற்கு முழுப்பணம். மற்றவற்றில் கிளினிக் நடத்தும் செலவுக்கான பங்கு பாதியாகக் குறைக்கப்படும்.
- சில ஜோடி சிகிச்சைகளை ஒரே நாளில் செய்தால், '59' என்ற குறியீடு இல்லாமல் ஒன்றுக்குப் பணம் வராது. தேவையில்லாத இடத்தில் அதைப் போட்டாலோ தணிக்கையில் கேள்வி வரும்.
- 10 சிகிச்சை நாட்களுக்கு ஒருமுறையாவது முன்னேற்ற அறிக்கை எழுதியிருக்க வேண்டும்.

இது போதாதென்று விதிகள் அடிக்கடி மாறுகின்றன. யுனைடெட் ஹெல்த்கேர் நிறுவனம் தன் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் பிசியோதெரபிக்கு 2024 செப்டம்பர் முதல் முன் அனுமதியைக் கொண்டுவந்தது. நேற்று வரை நேராகப் போன கிளெய்ம், திடீரென்று அனுமதி எண் இல்லாமல் திரும்பி வந்தால் கிளினிக் என்ன செய்யும்?

கையைக் கடிக்கும் வருமானம்

இன்னொரு பக்கம், வரும் பணமும் பெரிதாக உயரவில்லை. மெடிகேர் ஒவ்வொரு சிகிச்சைக்கும் சில புள்ளிகள் வைத்திருக்கிறது. ஒரு புள்ளிக்கு எத்தனை டாலர் என்பதை ஆண்டுதோறும் அறிவிக்கும். 2020-ல் அது 36.09 டாலர். 2025-ல் 32.35 டாலர். 2026-ல் பெரும்பாலானவர்களுக்கு 33.40 டாலராக உயர்த்தப்பட்டாலும், 2020-ஐ விட இன்னும் குறைவுதான். இந்த இடைவெளியில் வாடகை ஏறியிருக்கிறது, சம்பளம் ஏறியிருக்கிறது.

ஆக, செய்த வேலைக்கான பணத்தில் ஒரு டாலர்கூட சிந்தாமல் வாங்கியாக வேண்டிய கட்டாயம். அதனால்தான் சிறிய கிளினிக்குகள் பில்லிங் ஏஜென்சியைத் தேடிப் போகின்றன.

சொந்த ஆளா? ஏஜென்சியா? ஒரு கணக்கு

ஒரு கிளினிக்குக்கு மாதம் 400 முறை நோயாளிகள் வருகிறார்கள், ஒரு வருகைக்கு சராசரியாக 90 டாலர் வசூலாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000 டாலர். (இது புரிதலுக்கான கற்பனைக் கணக்கு மட்டுமே.)

ஏஜென்சி வசூலில் 6 சதவீதம் கேட்டால் மாதம் 2,160 டாலர். ஒரு கிளெய்முக்கு 5 டாலர் என்று கேட்கும் ஏஜென்சிக்குக் கொடுத்தால் 2,000 டாலர். வித்தியாசம் 160 டாலர். 'அப்போ ரெண்டாவது ஏஜென்சிதான் லாபம்' என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். அந்த 400-ல் 40 கிளெய்ம் மறுக்கப்பட்டு, அதை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை என்றால் இழப்பு 3,600 டாலர். அதாவது ஏஜென்சிக்குக் கொடுக்கும் மொத்தக் கட்டணத்தை விட அதிகம்! எனவே கிளினிக் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு கட்டணம்" என்பதை அல்ல. "மறுக்கப்பட்ட கிளெய்மை யார், எத்தனை நாளில் எடுத்துப் பார்ப்பார்கள்" என்பதைத்தான்.

சதவீதக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும் சிக்கல்

சதவீத முறை பார்க்க நியாயமாக இருக்கும். 'எங்களுக்குப் பணம் வந்தால்தானே உங்களுக்கும் வரும்' என்ற ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

90 டாலர் கிளெய்ம் ஒன்று மறுக்கப்படுகிறது. அதை மீட்டால் ஏஜென்சிக்குக் கிடைப்பது 5.40 டாலர். அதற்காக இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் ஹோல்டில் காத்திருந்து, காரணம் கேட்டு, ஆவணம் அனுப்ப வேண்டும். அமெரிக்கச் சம்பளத்தில் ஒரு ஆளை வைத்து இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. விளைவு? பெரிய தொகை கிளெய்ம்கள் துரத்தப்படும். சின்னத் தொகைகள் ஓரமாகக் கிடக்கும். பிசியோதெரபியிலோ எல்லாமே சின்னத் தொகைதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த வேலை வந்த கதையும் இதில்தான் இருக்கிறது. அந்த 5.40 டாலர் என்பது இந்திய மதிப்பில் 450 ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் கட்டுப்படியாகாத அந்த அரை மணி நேர ஹோல்டு, சென்னையிலும் திருச்சியிலும் கட்டுப்படியாகிறது. நம்ம ஊர் 'ஏஆர் காலர்' வேலையின் அடிப்படைப் பொருளாதாரமே இதுதான்.

இன்னொரு விஷயம். நியூயார்க் போன்ற மாநிலங்களில் சிகிச்சைக் கட்டணத்தை மற்றவர்களோடு பங்கு போடுவதற்கு எதிரான சட்டம் இருக்கிறது. அங்கே சதவீத ஒப்பந்தமே சிக்கலாகலாம் என்பதால், நிலையான மாதக் கட்டணம் அல்லது கிளெய்முக்கு இவ்வளவு என்ற முறைதான் பாதுகாப்பு.

தேர்வு செய்யும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஏஜென்சிகளின் விளம்பரத்தில் '98 சதவீத வெற்றி' என்று பளிச்சென்று போட்டிருக்கும். எதில் 98 சதவீதம் என்று கேட்பதுதான் முதல் வேலை. கிளியரிங் ஹவுஸ் கிளெய்மை ஏற்றுக்கொண்டதா? அல்லது இன்சூரன்ஸ் நிறுவனம் பணமே கொடுத்ததா? இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

கேட்க வேண்டிய மற்ற கேள்விகள்:

1. பிசியோதெரபி கிளினிக்குகள் எத்தனை உங்களிடம் இருக்கின்றன? அவற்றில் இரண்டு, மூன்று பேரிடம் நேரடியாகப் பேச முடியுமா? முடிந்தால், ஏஜென்சியை விட்டு விலகிய ஒருவரிடமும் பேச வேண்டும்.
2. எங்கள் மாநிலத்தில், எங்கள் இன்சூரன்ஸ் நிறுவனங்களோடு அனுபவம் உண்டா? வேலை செய்யும் இடத்தில் காயம்பட்டவர்களுக்கான இழப்பீட்டு இன்சூரன்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.
3. எந்த சாப்ட்வேர்? கிளினிக் ஏற்கனவே பயன்படுத்தும் சாப்ட்வேரிலேயே வேலை செய்வார்களா, அல்லது தங்கள் சாப்ட்வேருக்கு மாறச் சொல்வார்களா? மாறினால், நாளை பிரியும்போது தரவு யாருக்கு?
4. கட்டணத்தில் என்னென்ன அடங்கும்? இன்சூரன்ஸ் சரிபார்ப்பு, முன் அனுமதி, மேல்முறையீடு, நோயாளிக்கு பில் அனுப்புவது எல்லாம் சேர்த்தா, தனித்தனியா?
5. பழைய பாக்கியை யார் வசூலிப்பார்கள்? மாறும் நேரத்தில் 'அது பழைய ஏஜென்சி பார்த்தது' என்று இரு தரப்பும் கையை விரித்தால், நடுவில் கிடக்கும் பணம் காலாவதியாகிவிடும்.
6. வேலை எந்த நாட்டில் நடக்கும்? இதற்கு நேரடியான பதில் வேண்டும்.

கடைசிக் கேள்வி முக்கியம். நோயாளித் தகவலை வெளிநாட்டில் கையாளுவதை ஹிப்பா சட்டம் நேரடியாகத் தடை செய்யவில்லை. ஆனால் ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தின் தகவல்கள் அமெரிக்காவுக்கு வெளியே போகக் கூடாது என்று சில மாநிலங்கள் தடை வைத்திருக்கின்றன. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களும், வெளிநாட்டில் வேலை நடந்தால் அதைத் தெரிவித்து உறுதிமொழி தரச் சொல்கின்றன. 'எல்லாம் இங்கேதான் சார்' என்று சொல்லிவிட்டு ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சியால் கிளினிக்கின் ஒப்பந்தமே ரத்தாகலாம்.

பணம் யார் அக்கவுண்டுக்கு வரும்?

ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்குப் பணம் வந்து, அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

வசூலாகும் தொகையைப் பொறுத்து கட்டணம் வாங்கும் ஏஜென்சி, மெடிகேர் பணத்தைத் தன் கணக்கில் வாங்க விதி அனுமதிப்பதில்லை. பணம் கிளினிக்கின் கட்டுப்பாட்டில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். ஏஜென்சி பிறகு பில் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். அதேபோல், இன்சூரன்ஸ் நிறுவனங்களின் இணையதளங்களுக்கான லாகின்களும் கிளினிக் பெயரில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரியும் நாளில் சொந்த வீட்டுச் சாவி அடுத்தவர் பாக்கெட்டில் இருக்கும் கதைதான்.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

1996-ல் வந்த ஹிப்பா சட்டப்படி, நோயாளித் தகவலைத் தொடும் வெளி நிறுவனத்தோடு 'பிசினஸ் அசோசியேட்' ஒப்பந்தம் கட்டாயம். தகவலை எப்படிப் பாதுகாப்பார்கள், கசிந்தால் எத்தனை நாளில் சொல்வார்கள், துணை ஒப்பந்ததாரர்களும் அதே விதிக்குக் கட்டுப்படுவார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். தகவல் கசிந்தால், பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு அதிகபட்சம் 60 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி.

இதுதவிர சேவை ஒப்பந்தத்தில் சில எண்கள் எழுத்தில் இருப்பது நல்லது. சிகிச்சைக் குறிப்பு வந்த எத்தனை நாளில் கிளெய்ம் போகும்? மறுப்பு வந்தால் எத்தனை நாளில் பதில்? ஒப்பந்தத்தை முறிக்க எத்தனை நாள் நோட்டீஸ்? பிரிந்த பிறகு பழைய கிளெய்ம்களை எத்தனை மாதம் பார்ப்பார்கள்? தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள்?

மத்திய அரசுத் திட்டங்களில் இருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலை அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிடுகிறது. ஏஜென்சியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க சில நிமிடங்கள் போதும். கையெழுத்துக்கு முன் அதைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கையெழுத்துப் போட்டாச்சு... அப்புறம்?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஏஜென்சி பாத்துக்கும்' என்று கையைக் கழுவிவிடுவது. ஆனால் பில்லிங்கில் பாதி வேலை கிளினிக்கிலேயே நடக்கிறது.

ரிசப்ஷனில் பிறந்த தேதியைத் தப்பாக டைப் செய்தால், ஏஜென்சி எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் கிளெய்ம் திரும்பி வரும். பிசியோதெரபிஸ்ட் குறிப்பில் நிமிடங்களை எழுதாவிட்டால் யூனிட்டை யாராலும் கணக்கிட முடியாது. நோயாளி கொடுக்க வேண்டிய தொகையை அன்றே வாங்காமல் விட்டால், பிறகு வாங்குவது குதிரைக் கொம்பு.

'பாவம், பெரியவரு... விட்டுடலாம்' என்று கருணை காட்டுவதிலும் சிக்கல் உண்டு. மெடிகேரில் ஆண்டின் ஆரம்பக் கழிவுத்தொகைக்குப் பிறகு நோயாளியின் பங்கு 20 சதவீதம். உண்மையிலேயே கஷ்டப்படும் ஒருவருக்கு, அதை விசாரித்துப் பதிவு செய்து தள்ளுபடி செய்யலாம். எல்லோருக்கும் வழக்கமாகத் தள்ளுபடி செய்தால், நோயாளிகளை இழுக்கக் கொடுத்த லஞ்சமாகச் சட்டம் பார்க்கும்.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதைக் காட்டும் சில எண்கள் இருக்கின்றன. கிளினிக் உரிமையாளர் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பார்த்தாலே போதும்:

- 90 நாளைத் தாண்டி நிற்கும் பாக்கி எவ்வளவு? போன மாதத்தை விட ஏறியிருக்கிறதா?
- ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்தில் எத்தனை சதவீதம் வந்தது? 95-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு.
- அதிகம் வரும் முதல் ஐந்து மறுப்புக் காரணங்கள் எவை? அதே காரணம் மூன்று மாதமாகத் தொடர்ந்தால் யாரோ பாடம் கற்கவில்லை என்று அர்த்தம்.
- எவ்வளவு தொகை 'இனி வராது' என்று கழிக்கப்பட்டது? யாருடைய அனுமதியோடு?

கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. பழைய பாக்கியைக் கழித்துவிட்டால் அறிக்கையில் பாக்கி குறைந்து அழகாகத் தெரியும். பணம் மட்டும் வந்திருக்காது.

தப்பு நடந்தால் மாட்டுவது யார்?

கிளினிக்தான். இதில் சந்தேகமே இல்லை. கிளெய்ம் போவது கிளினிக்கின் பெயரில், பிசியோதெரபிஸ்ட்டின் அடையாள எண்ணில். வேலையை வெளியில் கொடுக்கலாம். பொறுப்பை வெளியில் கொடுக்க முடியாது.

அமெரிக்காவின் பொய்க் கிளெய்ம் தடுப்புச் சட்டப்படி, அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் போல மூன்று மடங்கு வரை கட்ட நேரிடும். ஒவ்வொரு கிளெய்முக்கும் தனி அபராதமும் உண்டு. 'எனக்குத் தெரியாது, ஏஜென்சி செஞ்சது' என்பது எப்போதும் காப்பாற்றாது. தெரிந்துகொள்ள வேண்டியதைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் குற்றமாகவே பார்க்கப்படும். கூடுதலாக வந்த மெடிகேர் பணத்தைக் கண்டறிந்தால் 60 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-ல் ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டது. 2013-ன் இரண்டாம் பாதியில் மெடிகேர் பணம் கொடுத்த பிசியோதெரபி கிளெய்ம்களில் 300-ஐ மாதிரியாக எடுத்துப் பார்த்ததில், 184 கிளெய்ம்கள் விதிகளுக்கு உட்படவில்லை. அதாவது 61 சதவீதம். அந்த ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 36.7 கோடி டாலர் முறையற்றுக் கொடுக்கப்பட்டதாக மதிப்பிட்டது. சிகிச்சை தேவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாதது, குறியீட்டுப் பிழை, ஆவணக் குறைபாடு ஆகியவையே காரணங்கள். குறியீட்டை ஏஜென்சி திருத்தலாம். ஆனால் சிகிச்சைக் குறிப்பை எழுத வேண்டியது பிசியோதெரபிஸ்ட் மட்டும்தான்.

2024 கற்றுக்கொடுத்த பாடம்

எல்லாம் சரியாக இருந்தும் பணம் நின்றுபோன சம்பவம் ஒன்று உண்டு. 2024 பிப்ரவரி 21-ம் தேதி, யுனைடெட் ஹெல்த் குழுமத்தின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. ஆண்டுக்கு சுமார் 1,500 கோடி பரிவர்த்தனைகள் ஓடும் கிளியரிங் ஹவுஸ் அது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு லாகின் வழியாக ஹேக்கர்கள் நுழைந்ததாக, குழுமத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ விட்டி அமெரிக்க செனட்டில் ஒப்புக்கொண்டார். 2.2 கோடி டாலர் பணயத்தொகை கொடுக்கப்பட்டது. சுமார் 19 கோடி பேரின் தகவல்கள் பாதிக்கப்பட்டன.

ஆனால் சிறிய கிளினிக்குகளை உலுக்கியது வேறு. கிளெய்ம் அனுப்ப வழி இல்லை. வாரக்கணக்கில் பணம் வரவில்லை. சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கியவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான், 'உங்கள் கிளியரிங் ஹவுஸ் முடங்கினால் மாற்று வழி என்ன?' என்ற கேள்வி ஏஜென்சிகளிடம் அழுத்தமாகக் கேட்கப்படுகிறது. மாற்று கிளியரிங் ஹவுஸ் ஏற்பாடும், இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்பும் இருக்கும் கிளினிக்தான் அப்படிப்பட்ட நாளைத் தாண்டும்.

தமிழ்நாட்டுக்கு என்ன தாக்கம்?

அமெரிக்காவில் இருந்து வெளிநாட்டுக்கு வேலையை அனுப்பும் நிறுவனங்கள் மீது 25 சதவீத வரி விதிக்கும் மசோதாவை, ஓஹியோ மாநில செனட்டர் பெர்னி மொரேனோ 2025 செப்டம்பரில் அறிமுகப்படுத்தினார். மசோதா அறிமுகமானதாலேயே அது சட்டமாகிவிடாது. ஆனால் அந்தச் செய்தி சென்னை, கோவை, திருச்சி பில்லிங் அலுவலகங்களில் கவலையோடு பேசப்பட்டதற்குக் காரணம் மேலே சொன்ன 5.40 டாலர் கணக்குதான். அந்தக் கணக்கில் கூடுதல் வரி ஏறினால், சின்னத் தொகை கிளெய்ம்களைத் துரத்துவது இங்கிருந்தும் கட்டுப்படியாகாமல் போகலாம்.

இன்னொரு பக்கம், கிளெய்ம் நிலவரம் பார்ப்பது போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை சாப்ட்வேரே செய்யத் தொடங்கிவிட்டது. எனவே இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு, வெறுமனே 'கிளெய்ம் ஸ்டேட்டஸ்' கேட்கும் வேலையை விட, 8 நிமிட விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொல்லத் தெரிந்த வேலைதான் நிலைக்கும். ஏன் மறுத்தார்கள் என்று கண்டுபிடித்து, அடுத்த முறை மறுக்காதபடி கிளினிக்குக்குச் சொல்லித்தருபவரை எந்த ஏஜென்சியும் எளிதில் இழக்க விரும்பாது.

மொத்தத்தில்...

பிசியோதெரபி கிளினிக்குக்கு நல்ல பில்லிங் ஏஜென்சி என்றால் குறைந்த கட்டணம் கேட்பவர் என்று அர்த்தமில்லை. மறுக்கப்பட்ட 90 டாலரையும் விடாமல் கேட்பவர், பணத்தையும் லாகினையும் தன் கையில் வைத்துக்கொள்ளாதவர், வேலை எங்கே நடக்கிறது என்பதை ஒளிக்காதவர். கிளினிக்கின் பங்குக்கு, நிமிடத்தை நேர்மையாக எழுதுவதும் மாதம் ஒருமுறை கணக்கைப் பார்ப்பதும் போதும்.

இந்தச் சங்கிலியின் இரண்டு முனைகளிலும் சாதாரண மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கம், தப்பான குறியீட்டால் தன் பெயருக்கு வந்த பில்லைப் பார்த்துத் திகைக்கும் ஒரு மூட்டுவலிக்காரர். இந்தப் பக்கம், தூக்கத்தைத் தொலைத்து அந்தத் தப்பைத் திருத்த ஹோல்டில் காத்திருக்கும் நம்ம ஊர் இளைஞர். நடுவில் போடப்படும் ஒப்பந்தம் ஒழுங்காக இருந்தால், இருவருக்குமே அலைச்சல் குறையும்.